அளவும் அதிகாரமும்: கணனிச் சேமிப்பிடப் பங்கீட்டின் வரலாறு குறித்து ஓர் ஆய்வு

1. முன்னுரை

கணனியின் வரலாறு பெரும்பாலும் பெருக்கத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. வேகம் பெருகியது, கொள்ளளவு பெருகியது, விலை வீழ்ந்தது என்பனவே அவ்வரலாற்றின் வழக்கமான அத்தியாயங்கள். பெருகியது எவருக்கு, எவ்வளவு, எவருடைய தீர்ப்பின்படி வழங்கப்பட்டது என்னும் வினா அங்கு எழுவதில்லை. உற்பத்தியின் வரலாறு கூறப்படுகின்றது. பங்கீட்டின் வரலாறு விடுபட்டுப்போகின்றது. இவ்விடுபாடு தற்செயலானதன்று.

'முகில்' என இன்று வழங்கும் கோப்புச் சேமிப்புச் சேவைகள் யாவும் பலவகை வரம்புகளின்மீதே இயங்குகின்றன. ஒரு பயனர் எத்தனை கிகாபைற் வைத்திருக்கலாம், ஒரு கோப்பு எவ்வளவு பெரிதாகலாம், ஒரு நாளில் எவ்வளவு ஏற்றலாம், எத்தனை உருப்படிகளை ஒரு கணக்கில் சேர்க்கலாம் என்பனவெல்லாம் முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டுள்ளன. இவ்வெண்கள் இயற்கையின் விதிகள் போலவே பயனருக்குக் காட்சியளிக்கின்றன. ஆயினும் அவற்றுள் சில மாத்திரமே பொறியின் இயல்பிலிருந்து பிறப்பவை, ஏனையவை மனிதரால் இடப்பட்டவை, மனிதரால் மாற்றப்படக்கூடியவை.

'முகில்' என்னும் சொல்லே கவனத்துக்குரியது. கைம்மாறு கருதாத கொடைக்கு முகிலை உவமை கூறுவது நமது இலக்கிய மரபு. கட்டடமும் மின்சாரமும் சுழலும் தட்டுகளும் அவற்றைப் பேணும் தொழிலாளரும் இச்சொல்லினுள் மறைந்துவிடுகின்றனர். 2011 இன் இறுதியில் தாய்லாந்தில் ஏற்பட்ட பெருவெள்ளம் அங்கிருந்த வன்தட்டுத் தொழிற்சாலைகளை மூழ்கடித்தபோது உலகெங்கும் தட்டுகளின் விலை உயர்ந்தது. முகில் என்பது மண்ணில் நிற்பது என்பதை மழையே உணர்த்திய நிகழ்ச்சி அது.

சேமிப்பிடம் வரம்புக்குட்பட்டது என்பதை எவரும் மறுத்தற்கில்லை. பொருளுக்கு எல்லை உண்டு. ஆகவே வரம்பு வேண்டுமா, வேண்டாமா என்பதன்று நமது வினா. வரம்பை இடுபவர் யார், எவருக்குப் பதில்கூறும் கடப்பாட்டுடன் அதனை இடுகின்றார் என்பதே வினா. ஏறத்தாழ எழுபதாண்டு கால வரலாற்றை இவ்வினாவின் ஒளியில் நோக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. வாடகைப் பொறியும் நேரப்பங்கீடும்

காந்தத் தட்டிற் சேமிக்கும் முறை வணிகப் பொருளாக வெளிவந்தது 1956 இல் ஆகும். ஐ.பி.எம். நிறுவனம் அவ்வாண்டு அறிமுகஞ் செய்த றாமக் என்னும் தொகுதியின் சேமிப்பலகு 50 தட்டுகளைக் கொண்டது. ஏறக்குறைய ஒரு தொன் எடையுள்ளது. 50 இலட்சம் எழுத்துருக்களைத் தாங்கவல்லது. இன்று கைத்தொலைபேசியால் எடுக்கப்படும் ஒரு நிழற்படத்தின் அளவே அது. தொகுதியின் மாதவாடகை 3,200 டொலர்.

இங்கு வாடகை என்பது முக்கியமானது. ஐ.பி.எம். தனது பொறிகளை நெடுங்காலம் விற்க மறுத்து வாடகைக்கே விட்டுவந்தது. வாடகைக்கு எடுப்பவர் பொறியின் உடைமையாளர் ஆவதில்லை. நிறுவனத்தின்மீதான சார்பு மாதந்தோறும் புதுப்பிக்கப்படுகின்றது. அமெரிக்க அரசு தொடுத்த தனியுரிமை எதிர்ப்பு வழக்கின் விளைவாக, அதே 1956 இல், பொறிகளை விற்பனைக்கும் வைக்கவேண்டும் என்னும் இணக்கத் தீர்ப்புக்கு அந்நிறுவனம் உட்படவேண்டியதாயிற்று. சேமிப்பிடத்தின் வரலாறு வாடகையிலேயே தொடங்கி, ஒரு சுற்றுச் சுற்றி, மீண்டும் வாடகைக்கே வந்துள்ளது என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஒரு பொறியைப் பலர் ஒரே வேளையிற் பயன்படுத்தும் நேரப்பங்கீட்டு முறை உருவானதும் பங்கீட்டுச் சிக்கல் கூர்மையடைந்தது. மசசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோவின் தலைமையில் 1961 நவம்பரில் முதன்முதலாகச் செயல்விளக்கஞ் செய்யப்பட்ட தொகுதி இத்துறையின் முன்னோடியாகும். அதிற் பயனர் ஒவ்வொருவருக்கும் கணிப்பு நேரத்திலும் தட்டின் இடத்திலும் ஒதுக்கீடு இருந்தது. தமக்குரியதில் எவ்வளவு செலவாயிற்று, எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதைப் பயனரே கட்டளையிட்டு அறிந்துகொள்ளலாம்.

இத்தொகுதியின் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி பொருள் பொதிந்தது. அலன் ஷேர் என்னும் ஆய்வு மாணவர் தமக்கு ஒதுக்கப்பட்ட நேரம் தமது ஆய்வுக்குப் போதாமையால், 1962 இல், தொகுதியின் கடவுச்சொற் கோப்பை அச்சிட்டு எடுத்துப் பிறரது கணக்குகளின் நேரத்தைப் பயன்படுத்தினார். பல்லாண்டுகளின் பின்னரே அவர் இதனை வெளிப்படுத்தினார். கடவுச்சொல் களவின் முதல் நிகழ்ச்சிகளுள் ஒன்றாக இதனைக் குறிப்பிடுவர். ஆனால் இதன் தோற்றுவாய் இரகசியத்தின்மீதான ஆவலன்று, ஒதுக்கீட்டின் போதாமையே என்பது பொதுவாகக் கவனிக்கப்படுவதில்லை. கடவுச்சொல் ஓரளவுக்கு ஒதுக்கீட்டின் பூட்டாகவே பிறந்தது. எவர் எதனைப் படிக்கலாம் என்பதோடு, எவருடைய கணக்கில் எவ்வளவு கழிக்கவேண்டும் என்பதையும் அது காத்தது.

3. பொதுப்பயன்பாட்டுச் சேவை என்னும் கனவு

1961 இல் அதே நிறுவனத்தின் நூற்றாண்டு விழாவில் உரையாற்றிய ஜோன் மக்கார்த்தி, தொலைபேசியைப் போலக் கணிப்பும் ஒருநாள் பொதுப்பயன்பாட்டுச் சேவையாக அமையக்கூடும் என்னும் கருத்தை முன்வைத்தார். இக்கருத்தின் செயல்வடிவமாக அறுபதுகளின் நடுப்பகுதியில் மசசூசெற்ஸ் நிறுவனம், ஜெனரல் இலெக்ரிக், பெல் ஆய்வுகூடங்கள் ஆகியன இணைந்து மல்ரிக்ஸ் என்னும் தொகுதியை உருவாக்க முனைந்தன.

மல்ரிக்ஸின் கோப்பமைப்பு ஏணிமுறையானது. கோப்புறையினுள் கோப்புறை, அதனுள் கோப்பு என்னும் இன்றைய வழக்கம் பெரிதும் அதன்வழி வந்ததே. ஒதுக்கீடும் அவ்வமைப்பையே தழுவியது. இடவளவு தனியாளுக்கு அன்றிக் கோப்புறைக்கு வழங்கப்பட்டது. தனக்கென ஒதுக்கீடற்ற கீழ்க்கோப்புறையின் செலவு, ஒதுக்கீடுடைய அண்மைய மேற்கோப்புறையின் கணக்கிற் சேர்ந்தது. மேற்கோப்புறையின் ஒதுக்கீட்டில் ஒரு பகுதியைக் கீழ்க்கோப்புறைக்கு மாற்றிக்கொடுக்கவும், தேவைமுடிந்தபின் மீளப்பெறவும் கட்டளை இருந்தது. ஒரு துறைத்தலைவர் தம் ஆய்வாளருக்கும், ஆய்வாளர் தம் உதவியாளருக்கும் பகிர்ந்தளித்தல் இவ்வாறு கூடியதாயிற்று.

இதனை இலட்சிய மயப்படுத்துதல் தவறு. ஏணி என்பது ஏணியே. மேலிருப்பவர் கொடுத்தாலன்றிக் கீழிருப்பவர் பெறுவதில்லை. பல்கலைக்கழகத்தின் படிநிலை கோப்பமைப்பிலும் பிரதிபலித்தது எனலாம். ஆயினும் ஒரு வேறுபாட்டைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். அளிப்பவரும் பெறுபவரும் ஒரே நிறுவனத்தினர், ஒருவர்க்கொருவர் அறிமுகமானவர், கொடுக்கப்பட்ட அளவு தெரிந்தது, கேட்டுப் பெறவும் வாதாடவும் வழியிருந்தது. அளவு ஓர் உறவாக வெளிப்படையாகவே நின்றது.

4. மெல்பேண் முறை

பெல் ஆய்வுகூடங்கள் 1969 இல் மல்ரிக்ஸ் முயற்சியிலிருந்து விலகின. அதே ஆண்டில் அங்கு கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் உருவாக்கத் தொடங்கிய யுனிக்ஸ் ஒரு சிறு குழுவின் கருவி. தொடக்கத்தில் அதிற் பயனர்க்கான ஒதுக்கீடு இல்லை. தட்டு நிரம்பினால் வேண்டாதவற்றை அழிக்குமாறு பயனரைக் கேட்டுக்கொள்வதே வழக்கம். ஒருவரையொருவர் அறிந்த சிறு சமுதாயத்தில் வேண்டுகோளே போதுமானதாக இருந்தது. யுனிக்ஸ் பல்கலைக்கழகங்களுக்குப் பரவி, ஒரு பொறியை நூற்றுக்கணக்கான மாணவர் பகிரும் நிலை தோன்றியபோது அவ்வழக்கம் தளர்ந்தது.

இச்சூழலிலேயே மெல்பேண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றொபேட் எல்ஸ் உருவாக்கிய தட்டு ஒதுக்கீட்டு முறை 1983 இல் பேர்க்லியின் 4.2 வெளியீட்டில் இடம்பெற்றது. இம்முறை இருவகை அளவுகளைக் கணித்தது: பயன்படுத்திய இடம் ஒன்று, கோப்புகளின் எண்ணிக்கை மற்றொன்று. சிறு கோப்புகளை எண்ணற்றவாறு பெருக்குபவரும் தொகுதியை முடக்கக்கூடும் ஆதலின் இரண்டாவது அளவு வேண்டியதாயிற்று.

இம்முறையின் நுட்பம் வரம்பை இரண்டாகப் பிரித்தமையில் உள்ளது. மென்வரம்பு, வன்வரம்பு என அவற்றைக் கூறலாம். மென்வரம்பைக் கடந்தவர் எச்சரிக்கப்படுவார். ஆயினும் தம் வேலையைத் தொடரலாம். எச்சரிக்கைகளைப் புறக்கணித்தால் மாத்திரமே அவ்வரம்பு அவருக்குத் தடையாக மாறும். வன்வரம்பை எக்காலத்தும் கடத்தல் இயலாது. ஓர் ஆய்வுக்கட்டுரையை முடிக்கும் தறுவாயில் ஒருவருக்குச் சில நாள்களுக்கு மேலதிக இடம் தேவைப்படும் என்பதையும், அத்தேவை நிலையானதன்று என்பதையும் இம்முறை ஏற்றுக்கொள்கின்றது. மனித உழைப்பின் ஏற்ற இறக்கத்தை அறிந்தவர் வகுத்த விதி இது. இவ்விருவகை வரம்பு முறை இன்றைய லினக்ஸ் தொகுதிகளிலும் நிலவுகின்றது.

பேர்க்லித் தொகுதியின் கோப்பமைப்பு தட்டின் பத்திலொரு பங்கை வெறுமையாகவே பேணியது. தொகுதியை நிருவகிப்பவரன்றி வேறெவரும் அதனைத் தொடல் ஆகாது. தட்டு முற்றிலும் நிரம்பினால் எழுதும் வேகம் வீழும் என்பது அதற்குக் காரணம். இதனைப் பொறியின் இயல்பிலிருந்து பிறந்த வரம்புக்கு உதாரணமாகக் கொள்ளலாம். எவருடைய நலனுக்காகவும் இடப்பட்டதன்று. எல்லாருடைய வேலையும் நடைபெறுவதற்காக இடப்பட்டது.

5. அளவற்ற கொடையின் காலம்

இணையம் வணிகமயமானபின் நிலைமை பண்புநிலையில் மாறியது. 1996 இல் தொடங்கிய ஹொற்மெயில் போன்ற இலவச அஞ்சற் சேவைகள் ஒருவருக்கு 2 மெகாபைற், 4 மெகாபைற் என்னும் அளவிலேயே இடம் வழங்கின. 2004 ஏப்ரல் 1 ஆந் திகதி கூகிள் நிறுவனம் 1 கிகாபைற் இடத்துடன் ஜிமெயிலை அறிவித்தபோது முட்டாள்கள் தினப் பகிடி என்றே பலர் எண்ணினர். அடுத்த ஆண்டில் அவ்விடம் நொடிக்கு நொடி வளர்வதைக் காட்டும் எண்மானி புகுபக்கத்தில் ஓடியது. எதனையும் அழிக்கவேண்டியதில்லை என்னும் பழக்கம் இவ்வாறே ஊட்டப்பட்டது.

இக்கொடை கைம்மாறு கருதாததன்று. அஞ்சல்களின் உள்ளடக்கத்தைப் பொறி வாயிலாகப் படித்து விளம்பரங்களைப் பொருத்தும் முறையே அதன் பொருளாதார அடித்தளம். இந்நடைமுறையைக் கைவிடுவதாக 2017 இலேயே கூகிள் அறிவித்தது. பயனருக்குக் கொடுக்கப்பட்ட இடம், பயனரது வாழ்வு விளைவிக்கப்படும் நிலமாயிற்று.

இதற்கு இணையாக வேறொரு பாதையும் திறந்தது. 2006 மார்ச்சில் அமசோன் தொடங்கிய சேமிப்புச் சேவை ஒரு கிகாபைற்றுக்கு மாதமொன்றுக்கு 15 சதம் என விலை குறித்தது. மொத்த அளவுக்கு அங்கு ஒதுக்கீடு இல்லை, பணப்பையே வரம்பு. பங்கீட்டால் இடப்படும் வரம்பு விலையால் இடப்படும் வரம்பாக மாறிய இடம் இது. ஆனால் தொழில்நுட்ப வரம்புகள் அங்கும் இருந்தன; அவை மாறியும் வந்தன. ஒரு பொருளின் உச்ச அளவு தொடக்கத்தில் 5 கிகாபைற்றாக இருந்து 2010 டிசெம்பரில் 5 ரெராபைற் ஆயிற்று. ஒரு கணக்கில் 100 ஆக இருந்த கொள்கலன்களின் வழமையான எண்ணிக்கை 2024 நவம்பரில் 10,000 ஆக உயர்த்தப்பட்டது. மாற்றவியலாதது போலத் தோன்றிய எண் ஓர் அறிவித்தலுடன் நூறு மடங்காயிற்று.

2008 இல் வெளிவந்த ட்ரொப்பொக்ஸ் 2 கிகாபைற் இடத்தை இலவசமாக வழங்கியது. நண்பரை அழைத்துவந்தால் மேலதிக இடம் உண்டு. ஒதுக்கீடு இங்குக் கூலியாக மாறியது; பயனர் ஊதியமற்ற விற்பனை முகவர் ஆயினார். 2012 ஏப்ரலில் கூகிள் தன் கோப்புச் சேமிப்பை 5 கிகாபைற்றுடன் தொடங்கி, அடுத்த ஆண்டில் அஞ்சலையும் படங்களையும் உள்ளடக்கிய 15 கிகாபைற் ஆக்கியது. 2014 இல் கல்வி நிறுவனங்களுக்கு வரம்பற்ற இடம் என அறிவித்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் மைக்ரோசொப்ற் தன் கட்டணப் பயனருக்கு வரம்பற்ற இடம் என்றது. 2015 மார்ச்சில் அமசோனும், மே மாதத்தில் கூகிளின் படச் சேவையும் அதே சொல்லை உச்சரித்தன. சந்தையைப் பங்குபோடும் போட்டியின் உச்சத்தில் 'வரம்பற்றது' என்பதே நாணயமாக வழங்கிற்று.

6. வேலியடைப்பு

பின்வாங்கலும் 2015 இலேயே தொடங்கியது. அவ்வாண்டு நவம்பரில் மைக்ரோசொப்ற் தன் வரம்பற்ற இடத்தை 1 ரெராபைற்றாகக் குறைப்பதாக அறிவித்தது. சிலர் தம் திரைப்படத் தொகுப்புகளை எல்லாம் ஏற்றிவிட்டனர், சில சந்தர்ப்பங்களில் ஒருவரே 75 ரெராபைற்றுக்கு மேல் எடுத்துக்கொண்டார், இது சராசரியைப்போல 14,000 மடங்கு என்பதே கூறப்பட்ட காரணம்.

இக்கணக்கைச் சற்று நுணுகி நோக்குவோம். 75 ரெராபைற் என்பது சராசரியின் 14,000 மடங்கு எனின் சராசரிப் பயனர் வைத்திருந்தது ஏறத்தாழ 5 கிகாபைற்றே. அதாவது பெரும்பான்மையோர் எவ்விதப் பாரமாகவும் இருக்கவில்லை. ஆனால் அதே அறிவித்தலில் இலவசப் பயனரின் இடமும் 15 கிகாபைற்றிலிருந்து 5 கிகாபைற்றாகக் குறைக்கப்பட்டது. சிலருடைய மிகைக்குப் பலருடைய பங்கு வெட்டப்பட்டது. எதிர்ப்பு வலுத்தபின், டிசெம்பரில், விண்ணப்பித்த பழைய பயனர் 15 கிகாபைற்றைத் தக்கவைத்துக்கொள்ள இடமளிக்கப்பட்டது. எதிர்ப்பினால் மாறிய எண்ணைப் பொறியின் விதி என்று கூறவியலாது.

பின்னர் வரிசையாக வேலிகள் எழுந்தன. அமசோன் 2017 யூனில் வரம்பற்ற திட்டத்தை நிறுத்தியது. 2023 இன் இறுதியில் அக்கோப்புச் சேவையையே மூடியது. 2013 இல் ஒவ்வொருவருக்கும் 1 ரெராபைற் வழங்கிய பிளிக்கர் என்னும் படச் சேவை, உடைமை கைமாறியபின், 2018 நவம்பரில் இலவசக் கணக்குகளுக்கு 1,000 படங்கள் என எல்லை வகுத்தது. அவ்வெல்லைக்கு மேற்பட்டவை அடுத்த ஆண்டில் அழிக்கப்படலாயின. பொதுப்பயன்பாட்டு உரிமத்துடன் முன்பே வெளியிடப்பட்ட படங்களுக்கு விலக்களிக்கப்பட்டது என்பதையும் இங்குக் கூறவேண்டும். கூகிளின் படச் சேவையின் வரம்பற்ற திட்டம் 2021 யூன் 1 ஆந் திகதியுடன் முடிந்தது. அதனை அறிவித்த வேளையில் நான்கு இலட்சம் கோடிப் படங்கள் அங்குச் சேமிக்கப்பட்டிருந்தன. 2023 மே மாதத்தில், ஈராண்டுகள் பயன்படுத்தப்படாத தனியாள் கணக்குகளை அவ்வாண்டு டிசெம்பர் முதல் அழிக்கப்போவதாக அந்நிறுவனம் அறிவித்தது. அதே ஆண்டு ஓகஸ்டில் ட்ரொப்பொக்ஸும் தன் உயர்நிலை வணிகத் திட்டத்தின் வரம்பற்ற இடத்தை நீக்கியது.

நமது துறையினருக்கு மிக நெருங்கியது கல்வி நிறுவனங்கள்மீதான மாற்றம். பல்கலைக்கழகம் எவ்வளவு பெரிதாயினும் முழு நிறுவனத்துக்கும் பொதுவாக 100 ரெராபைற் என்னும் அடிப்படை அளவைக் கூகிள் 2021 பெப்ரவரியில் அறிவித்தது. பழைய நிறுவனங்களுக்கு அது 2022 யூலை முதல் நடைமுறைக்கு வந்தது. 2024 ஓகஸ்டிலிருந்து மைக்ரோசொப்ற்றும் அதே அளவையே பின்பற்றத் தொடங்கியது. வரம்பற்ற இடம் என்னும் வாக்கை நம்பித் தம் அஞ்சல் வழங்கிகளையும் சேமிப்புப் பொறிகளையும் கைவிட்ட நிறுவனங்கள், அவற்றை இயக்கத் தெரிந்த ஊழியரையும் காலப்போக்கில் இழந்துவிட்டன. திரும்பிச்செல்லும் பாதை அடைபட்டபின்னரே கட்டணச்சாவடி எழுந்தது.

வெளிப்படையான வரம்புகளை விட வெளிப்படுத்தப்படாத வரம்புகள் மேலும் சிந்தனைக்குரியன. 2023 இன் தொடக்கத்தில் கூகிளின் கோப்புச் சேவையில் ஒரு கணக்குக்கு 50 இலட்சம் உருப்படிகள் என்னும் எல்லை முன்னறிவித்தலின்றி நடைமுறைக்கு வந்தது. கட்டணஞ் செலுத்தி, இடமும் எஞ்சியிருந்த பயனர் சிலர் புதிய கோப்பை ஏற்ற முடியாத நிலையிலேயே அதனை அறிந்தனர். செய்தி பரவியபின் ஏப்ரலில் அவ்வெல்லை நீக்கப்பட்டது. கோப்புகளின் எண்ணிக்கையை வரம்பிடுதல் மெல்பேண் முறையிலும் இருந்தது. வேறுபாடு தொழில்நுட்பத்தில் இல்லை. அங்கு அளவு முன்கூட்டியே தெரிந்தது, எச்சரிக்கை கிடைத்தது, நிருவாகியை நேரிற் காணலாம். இங்கு அளவே மறைபொருளாயிற்று.

7. 'துஷ்பிரயோகம்' என்னும் சொல்

வரம்பற்றது எனக் கூறப்பட்டதை வரம்பின்றிப் பயன்படுத்தியவரை இந்நிறுவனங்களின் அறிவித்தல்கள் துஷ்பிரயோகஞ் செய்தவராகச் சித்திரிக்கின்றன. இச்சித்திரிப்புக்கு ஒரு கருத்தியல் வரலாறு உண்டு. 1968 இல் கறெற் ஹார்டின் எழுதிய கட்டுரை, பொதுமேய்ச்சல் நிலம் மேய்ப்பரின் பேராசையால் அழிந்தே தீரும் என வாதிட்டது. எலினோர் ஒஸ்ற்ரம் 1990 இல் வெளியிட்ட நூலில், நீர்ப்பாசனம், மீன்பிடி, மேய்ச்சல் முதலிய துறைகளில் மக்கள் தாமே விதிகளை வகுத்து நெடுங்காலம் பொதுவளங்களைப் பேணியமையைச் சான்றுகளுடன் காட்டினார். ஹார்டின் பொதுநிலம் எனக் கொண்டது உண்மையில் விதிகளற்ற நிலமே. முகிற் சேவையோ பொதுநிலமும் அன்று, விதிகளற்றதும் அன்று. அது தனியுடைமை; விதி வகுப்பவர் உடைமையாளர் ஒருவரே. பொதுநிலத்தின் குற்றத்தைத் தனியுடைமையின் பயனர்மீது சுமத்துதல் தருக்கமுடையதாகாது.

இளம் மார்க்ஸ் 1842 இல் றைன்லாந்துச் சட்டமன்றத்தின் விறகுத் திருட்டு விவாதங்களைப் பற்றி எழுதிய கட்டுரைகள் இங்கு நினைவுகூரத்தக்கன. காட்டில் உதிர்ந்த சுள்ளியைப் பொறுக்குதல் ஏழைகளின் வழக்குரிமையாக இருந்தது. காடு முற்றிலும் தனியுடைமையானபோது அதே செயல் களவாயிற்று. செயல் மாறவில்லை, உடைமையுறவு மாறியது, செயலின் பெயரும் மாறியது. ஊக்குவிக்கப்பட்ட பழக்கம் ஒரே அறிவித்தலில் துஷ்பிரயோகமாக மாறுவதும் இவ்வகையினதே.

ஆயினும் இவ்வொப்புமைக்கு எல்லையுண்டு. நிலம் உழைப்பாற் படைக்கப்பட்டதன்று. அதன் உடைமையே நிலவாடகைக்கு அடிப்படை என்பது 'மூலதனம்' மூன்றாந் தொகுதியின் விளக்கம். தட்டோ தொழிற்சாலையில் உழைப்பால் உற்பத்தியாவது, வேண்டியவாறு பெருக்கக்கூடியது. எனவே தட்டின் உடைமை மாத்திரம் வாடகையை விளக்காது. உண்மையிலே தனியுரிமைக்கு உட்பட்டிருப்பது கோப்புகள் குடியேறிவிட்ட இடமாகும். பல்லாண்டு அஞ்சல்கள், பகிர்வுத் தொடர்புகள், கூட்டாக எழுதும் ஆவணங்கள், அவற்றின்மீது அமைந்த அன்றாட வேலை ஒழுங்கு ஆகியவற்றைப் பெயர்த்தெடுக்கும் செலவே உடைமையாளரின் வலிமை. பயனர் இட்ட உழைப்பே பயனரைக் கட்டும் தளையாகின்றது.

இத்தளையும் அரசியல் நடவடிக்கையால் தளரக்கூடியதே. தரவை வெளியே எடுத்துச்செல்வதற்கு விதிக்கப்பட்ட கட்டணங்களை, சேவையைவிட்டு நீங்கும் வாடிக்கையாளருக்கு, 2024 இன் முற்பகுதியில் கூகிளும் அமசோனும் மைக்ரோசொப்ற்றும் அடுத்தடுத்துத் தள்ளுபடி செய்தன. அவ்வாண்டு சனவரியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம் வலுவுக்கு வந்திருந்தமை இங்குக் குறிப்பிடத்தக்கது. 2025 செப்ரெம்பரில் நடைமுறைக்கு வந்த அச்சட்டம் 2027 சனவரியிலிருந்து இடமாற்றக் கட்டணங்களை முற்றாக நீக்கவேண்டும் என்கின்றது. 1956 இன் இணக்கத் தீர்ப்பைப் போலவே இதுவும் வாடகையுறவின்மீது சட்டம் கைவைத்த ஒரு தருணமாகும். முதலாளித்துவ அரசின் சட்டம் அவ்வுறவை ஒழிக்காது. எனினும் வரம்புகள் பேரம்பேசப்படக்கூடியவை என்பதை அது ஒப்புக்கொள்கின்றது.

8. தமிழ் எழுத்தும் பைற்றுக் கணக்கும்

அளவுகோல் நடுநிலையானது என்னும் எண்ணத்தைச் சோதிக்கத் தமிழ் எழுத்தே ஒரு நல்ல களம். இன்று இணையத்தில் வழங்கும் ஒருங்குகுறியின் பரவலான வடிவத்தில் ஆங்கில எழுத்து ஒன்று ஒரு பைற்று; தமிழ்க் குறியீடு ஒன்று மூன்று பைற்று. மேலும் புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனிக் குறியீடுகளாக எண்ணப்படும். 'யாழ்ப்பாணம்' என்னும் சொல்லில் நமக்கு ஆறெழுத்து. கணனிக்குப் பதினொரு குறியீடு. சேமிப்பில் 33 பைற்று. ஆங்கிலத்தில் அதே ஊர்ப்பெயர் ஆறு பைற்றில் அடங்கும்.

பல கோப்பமைப்புகளில் ஒரு கோப்பின் பெயருக்கு 255 பைற்று எல்லை. ஆங்கிலத்தில் அது 255 எழுத்து. தமிழில் 85 குறியீடு. நீண்ட நூற்பெயரையும் ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் கோப்பின் பெயரில் இடும் ஆவணகர் இவ்வெல்லையை விரைவில் எட்டுவர். கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தியிலும் இவ்வாறே: ஆங்கிலத்தில் 160 எழுத்து, தமிழில் 70 குறியீடு. இவ்வெல்லைகளைத் தமிழருக்கு எதிராக எவரும் வகுக்கவில்லை. ஆங்கிலத்தை அலகாகக் கொண்டு பொறியை அமைத்ததன் வரலாற்று விளைவு இது. தீய நோக்கம் இல்லாமலே அளவுகோல் ஒருபக்கஞ் சாயலாம் என்பதற்கு இது சான்று.

மிகைப்படுத்தலும் ஆகாது. கிகாபைற் கணக்கில் எழுத்தின் பங்கு சிறிது. படமும் ஒளிப்பதிவுமே இடத்தை விழுங்குவன. ஆனால் நமது ஆவணங்களின் நிலையே அதுவாகும். பழைய பத்திரிகைகளும் சிறுசஞ்சிகைகளும் கையெழுத்துப் படிகளும் பெரும்பாலும் படங்களாகவே பாதுகாக்கப்படுகின்றன. தட்டச்சுச் செய்யப்பட்ட பக்கம் சில கிலோபைற்றில் அடங்கும். அதே பக்கத்தின் தெளிவான படம் பல நூறு கிலோபைற்றிலிருந்து சில மெகாபைற் வரை செல்லும். எழுத்துணரியின் துணையுடன் அச்செழுத்தை எளிதிற் பெயர்க்கக்கூடிய பெருமொழிகளை விட, படமாகவே எஞ்சும் மொழியின் ஆவணத்துக்கு ஒரே ஒதுக்கீடு சிறிதாகிவிடுகின்றது.

2005 இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் இலங்கைத் தமிழ்பேசும் சமூகங்களின் வெளியீடுகளைத் தன்னார்வ உழைப்பைக்கொண்டு தனக்கெனவே ஒரு தளத்தில் திரட்டி வருகின்றது. ஒரு நிறுவனத்தின் இலவச இடத்தில் அன்றித் தனித்தளத்தில் அவ்வாறு சேமித்தமையின் முக்கியத்துவம் இப்போதே நன்கு புலப்படுகின்றது. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டமை வன்முறை. ஒதுக்கீடு முடிந்தமையாற் கோப்பு அழிக்கப்படுதல் நிருவாக நடவடிக்கை. இரண்டையும் சமன்செய்தல் வரலாற்றுக்குச் செய்யும் அநீதியாகும். ஆனால் ஒரு சமூகத்தின் நினைவு முழுவதும் ஓரிடத்தில், ஒரு கையின்கீழ் இருத்தலாகாது என்னும் படிப்பினை இரண்டுக்கும் பொருந்தும்.

9. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்கின் மூன்று கட்டங்கள் தெளிவாகின்றன. முதற் கட்டத்தில் வரம்பு நிறுவனத்தின் உள்ளே, அறிமுகமானவரிடையே, வெளிப்படையாக இடப்பட்டது. இரண்டாங் கட்டத்தில் சந்தைப் போட்டிக்காக வரம்பு இல்லாததுபோலத் தோற்றமளித்தது. மூன்றாங் கட்டத்தில், பயனர் குடியேறியபின், ஒருதலைப்பட்சமாக வரம்பு மீண்டும் இடப்பட்டு வாடகை கோரப்பட்டது. தட்டின் விலை இக்கட்டங்கள் முழுவதிலும் பொதுவாக வீழ்ந்தே வந்தது. ஆகவே மூன்றாங் கட்டத்தைப் பற்றாக்குறையால் மாத்திரம் விளக்கவியலாது, உடைமையுறவாலேயே விளக்கவேண்டும்.

நமது பல்கலைக்கழகங்களுக்கு இதனாற் பெறப்படுவது யாது? பழைய பொறிகளுக்குத் திரும்புவோம் என்பது கற்பனாவாதம். இலங்கையின் உயர்கல்வி நிறுவனங்கள் தமக்கிடையே லேர்ன் என்னும் கல்வி ஆய்வு வலையமைப்பைக் கொண்டுள்ளன. கூட்டாக வலையமைப்பைப் பேண இயலுமெனின் ஆய்வேடுகளையும் கள ஒலிப்பதிவுகளையும் பழஞ்சஞ்சிகைகளின் படிமங்களையும் கூட்டாகப் பேணும் சேமிப்பகத்தையும் கோரலாம். அங்கும் ஒதுக்கீடு இருக்கும்; இருத்தலும் வேண்டும். ஆனால் அவ்வளவை ஆசிரியரும் மாணவரும் நூலகரும் தொழில்நுட்ப ஊழியரும் அமர்ந்து தீர்மானிக்கலாம், எச்சரிக்கையின்றி எதுவும் அழிக்கப்படலாகாது என விதிக்கலாம், போதாதவிடத்துக் கேட்கலாம். அதுவரை, ஒவ்வொரு துறையும் தன் ஆவணங்களின் இரண்டாவது படியொன்றைத் தன் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருத்தல் உடனடிக் கடமையாகும்.

திரையின் ஓரத்தில் தோன்றும் 'உமது இடம் நிரம்பிவிட்டது' என்னும் வாசகம் ஓர் அளவைத் தெரிவிப்பது போலத் தோன்றுகின்றது. அது தெரிவிப்பது ஓர் உறவை. அவ்வுறவை வாசிக்கப் பழகுதல், இலக்கியப் பிரதிகளை வாசிக்கப் பழகுதலைப் போலவே, நமது காலத்தின் கல்வியில் இன்றியமையாத ஒரு பகுதியாகும்.